வன்தட்டில் ஒரு பாகப்பிரிவினை

தருமபுரிக்காரர்களுக்குப் பிரிவினை என்பது புதிய சங்கதி அல்ல. 1965 அக்டோபர் 2ஆம் தேதி நாம் சேலத்திலிருந்து பிரிந்தோம். 2004 பிப்ரவரி 9ஆம் தேதி நம்மிடமிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. இரண்டு முறையும் மண் நகரவில்லை, மலை நகரவில்லை, கோடுதான் நகர்ந்தது. மலருக்குக் கம்ப்யூட்டர் பற்றி ஏதாவது எழுது என்று நண்பர்கள் சொன்னதும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. ஏனென்றால் கம்ப்யூட்டருக்குள் கோட்டை நகர்த்தினால், பல சமயம் மண்ணையும் சேர்த்தே நகர்த்த வேண்டியிருக்கிறது.

"லேப்டாப்பில் சி டிரைவ் ரொம்பிப் போச்சு, டி டிரைவ் சும்மா கிடக்குது, என்ன பண்றது?" என்று நம் வகுப்புத் தோழர்களும் கேட்கிறார்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். அந்தக் கோட்டை யார் போட்டது, எதற்குப் போட்டது என்று தெரிந்தால் பாதி பதில் கிடைத்துவிடும்.

1983ல் ஐ.பி.எம். நிறுவனம் எக்ஸ்.டி. என்ற மாடலைக் கொண்டுவந்தது. அதில் இருந்த ஹார்ட் டிஸ்க் 10 எம்.பி. இன்று செல்போனில் எடுக்கிற இரண்டு மூன்று போட்டோவுக்கே அது சரியாகிவிடும். அந்தத் துண்டு நிலத்தையும் பங்கு போட வசதி வைத்திருந்தார்கள். ஒரே பெட்டியில் டாஸ் ஒரு பக்கம், வேறு இயங்குதளம் ஒரு பக்கம் இருக்கட்டும் என்று! ஏ, பி என்ற எழுத்துகள் ஃப்ளாப்பிக்குப் போய்விட்டதால் ஹார்ட் டிஸ்க்குக்கு சி என்று பெயர். டிஸ்க்கின் முதல் செக்டார் 512 பைட். அதற்குள் பங்குப் பத்திரத்துக்கு ஒதுக்கியது 64 பைட், ஒரு பங்குக்கு 16 பைட். ஆக மொத்தம் நான்கு பங்காளிகள்தான். 1987ல் வந்த டாஸ் 3.3 ஒரு பங்குக்குள்ளேயே உள்பங்கு பிரிக்க வழி செய்து அதைச் சமாளித்தது. அப்போது ஒரு பங்கு 32 எம்.பி.க்கு மேல் போகக்கூடாது என்பதால், பெரிய டிஸ்க் வாங்கியவர் கூறு போட்டே தீரவேண்டும்.

தொண்ணூறுகளில் கதை மாறியது. ஒரு பங்கு 2 ஜி.பி. வரை போகலாம். ஆனால் அதில் ஒரு வில்லங்கம். டிஸ்க் இடத்தைக் கட்டம் கட்டமாகத்தான் கொடுக்கும். 1 ஜி.பி.க்கு மேற்பட்ட பங்கில் ஒரு கட்டம் 32 கே.பி. 1 கே.பி. அளவுள்ள லீவ் லெட்டரும் 32 கே.பி.யை அடைத்துக்கொள்ளும், ஆயிரம் லெட்டர் அடித்தால் கிட்டத்தட்ட 31 எம்.பி. வீண். அதே டிஸ்க்கை 400 எம்.பி. வீதம் மூன்றாகப் பிரித்தால் கட்டம் 8 கே.பி. ஆகிவிடும். பிரித்தால் இடம் மிச்சம்! 1996ல் ஃபேட் 32 வந்து இந்தத் தொல்லையைக் குறைத்தது. கடைக்காரர்கள் மட்டும் சி, டி, இ என்று பிரிக்கிற பழக்கத்தை விடவில்லை. விண்டோஸ் கெட்டுப்போனால் சியை மட்டும் அழித்துவிட்டு மறுபடி போடலாம், டியில் உள்ளது பிழைக்கும் என்பது கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் சிக்கு எவ்வளவு போதும் என்பதை, அதை வைத்துப் பிழைக்கப் போகிறவரை யாரும் கேட்டதில்லை.

2011 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுத்தது. 320 ஜி.பி. டிஸ்க், விண்டோஸ், கூடவே சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் அதுதான் முதல் கம்ப்யூட்டர், ஒரே கம்ப்யூட்டரும்கூட. பென்னாகரம் பக்கம் என் உறவுக்காரப் பெண் ஒருத்தி கடைசி வருஷம் படிக்கும்போது, சி நிறைந்து மெஷின் நத்தையாக ஊர்ந்தது. ஒரு கடைக்குக் கொண்டுபோனாள். "ஃபார்மட் அடிச்சாதான் சரியாகும்" என்றார்களாம். அடித்தார்கள், சியோடு டியும் போயிற்று. அவளுடைய புராஜெக்டும் தாத்தாவின் போட்டோக்களும் அதில்தான் இருந்தன. புராஜெக்டை மறுபடி எழுதினாள்.

இத்தனைக்கும் அழிக்காமலே கோட்டை நகர்த்தும் வித்தை அப்போதே பழசு. டாஸ் காலத்து எஃப்டிஸ்க்கில் கோடு மாற்றினால் எல்லாம் போய்விடும். அதைப் போக்க பவர்குவெஸ்ட் நிறுவனத்தின் பார்ட்டிஷன் மேஜிக் தொண்ணூறுகளிலேயே வந்துவிட்டது. 2004ல் இலவசமாக ஜிபார்ட்டெட் வந்தது. 2007ல் விற்பனைக்கு வந்த விஸ்டாவில் இருந்து விண்டோஸுக்குள்ளேயே டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 'ஷ்ரிங்க்', 'எக்ஸ்டெண்ட்' என்று இரண்டு கட்டளைகள் உண்டு.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். டியை ஷ்ரிங்க் செய்துவிட்டு சியில் எக்ஸ்டெண்ட் கொடுத்தால் அது மங்கிப்போய் நிற்கும். காரணம், டி விட்டுக்கொடுத்த இடம் அதன் வலது ஓரத்தில் கிடக்கிறது. சிக்கு அதன் வலது வரப்பை ஒட்டிய காலி இடம்தான் உதவும். கிழக்கே இருக்கிற பங்காளி தன் கிழக்கு மூலையை விட்டுக்கொடுத்தால் மேற்கே இருப்பவருக்கு என்ன லாபம்? நடுவில் அவர் வீடல்லவா இருக்கிறது! ஆகவே டியில் உள்ளதை எல்லாம் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்துத் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறகு டியை நீக்கி, சியை வேண்டிய மட்டும் நீட்டி, மிச்சத்தில் புது டி போடலாம். ஜிபார்ட்டெட் என்றால் டியை நீக்காமலே வலப்பக்கம் தள்ளும். உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகச் சுமந்து போவதால் மணிக்கணக்கில் ஆகும். பாதியில் கரண்ட் போனால் அந்தப் பங்கே கெட்டுப்போகலாம். 2012 மின்வெட்டை நாம் யாரும் மறக்கவில்லை. பேட்டரி தேய்ந்துபோன லேப்டாப்பில் நகல் இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம். லினக்ஸ் பங்கு வீண் என்று சட்டென்று அழிப்பதும் ஆபத்து. இரண்டில் எதைத் திறப்பது என்று கேட்கிற கிரப் அங்கேதான் குடியிருக்கும். அது போனால் விண்டோஸும் திறக்காது.

2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்பு அப்டேட் அனுப்பியது. விண்டோஸ் 10 வைத்திருந்த பலருக்கு அது ஏறவில்லை. பழுதுபார்ப்பதற்காக ஒதுக்கியிருந்த சின்னப் பங்கில் போதிய இடம் இல்லை. சியைச் சுருக்கி, அந்தப் பங்கை 250 எம்.பி. பெரிதாக்கிக்கொள்ளுங்கள் என்று கம்பெனியே கட்டளைகளை எழுதிக் கொடுத்தது. கோட்டைப் போட்டவர்களுக்கே அளவு தப்பிவிட்டது.