வளையும் பட்டையை வரைவது எப்படி?

நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் செல்லும் வாசகர்கள், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றின் முன் சற்று நின்று, அச்சுக்கு மேலுள்ள வில்பட்டைகளைக் கவனியுங்கள். சுமையில்லாத லாரியில் அவை வில்லாக வளைந்திருக்கும். பாரம் ஏறியதும் நிமிர்ந்து, ஏறக்குறையத் தட்டையாகிவிடும்.

இப்பட்டையை வரைபடத்தில் எந்த வடிவில் வரைவது? வெற்று லாரியின் வடிவத்தை மட்டும் நம்பிப் பாடியை அமைத்தால், பாரம் ஏறியபின் டயர் பாடியில் உராயக்கூடும். உராய்ந்து தேய்ந்த டயர் நெடுஞ்சாலையில் வெடித்தால், ஓட்டுநரின் உயிருக்கே ஆபத்து அல்லவா? எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்குப் பின்னே மூன்று நூற்றாண்டு வரலாறு உள்ளது.

சுருள்வில்லின் நீட்சி, அதன்மேல் செயல்படும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற விதியை இராபர்ட் ஹூக் 1678-இல் விளக்கி வெளியிட்டார். வளைந்த மெல்லிய பட்டை என்னென்ன வடிவங்களைப் பெறும் என்பதை 1744-இல் ஆய்லர் கணித வழியில் காட்டினார். ஆயினும், சிக்கலான உருவமுடைய உறுப்புகளுக்கு இக்கணக்கு கைக்கு அடங்கவில்லை. உறுப்பைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் விறைப்பையும் கணக்கிட்டு, கணினியால் ஒன்றுசேர்க்கும் முறை விமான இறக்கைகளுக்காக வளர்ந்தது. டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகியோர் இதை 1956-இல் வெளியிட்டனர். 1960-இல் கிளஃப் இதற்கு ‘முடிவுறு கூறு முறை’ என்று பெயரிட்டார்.

வரைபடத்தின் கதை வேறு வழியில் வளர்ந்தது. 1963-இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லேண்டு ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற திட்டத்தின் மூலம் கணினித் திரையில் வரையும் முறையைக் காட்டினார். ‘இவ்விரு கோடுகளும் சமம்’ என்பது போன்ற நிபந்தனைகளை அவரது கணினி ஏற்றுக்கொண்டது. 1988-இல் வந்த ‘புரோ எஞ்சினியர்’ மென்பொருள், ஓர் அளவை மாற்றினால் உருவம் முழுதும் அதற்கேற்ப மாறும் முறையைப் பரப்பியது. ஆனால் பல உறுப்புகளை இணைத்துக் காட்டும் கூட்டுப் படத்தில், ஒவ்வோர் உறுப்பும் வளையாத திண்பொருளாகவே கொள்ளப்பட்டது. போல்ட்டுக்கு அது பொருந்தும், வில்பட்டைக்குப் பொருந்துமா?

ஒரே பட்டைக்கு இரண்டு படங்கள் வரைந்தால், உறுப்புப் பட்டியலில் அது இரண்டு பட்டைகளாக எண்ணப்படும். ஆகவே, எது மாறாதது, எது மாறுவது என்று பிரித்தறிய வேண்டும். பட்டை வளையும்போது அதன் ஒரு பக்கம் நீள்கிறது, மறுபக்கம் குறுகுகிறது. நடு அடுக்கின் நீளம் மட்டும் மாறுவதில்லை. அந்நீளத்தை நிலையாக வைத்து, வில்லின் உயரத்தை மட்டும் மாறும் அளவாக விட்டால் போதும். உறுப்பு ஒன்றே; வடிவங்கள் பல.

ஒரு கணக்கைப் பாருங்கள். இரு முனைகளுக்கு இடையே 120 செ.மீ. தூரமும், 10 செ.மீ. வில் உயரமும் உள்ள பட்டையின் நீளம் சுமார் 122.2 செ.மீ. வில் உயரம் 5 செ.மீ. ஆகும்போது முனைகளின் இடைவெளி சுமார் 121.7 செ.மீ.; முற்றிலும் தட்டையானால் 122.2 செ.மீ. அதாவது முனைகள் 2.2 செ.மீ. விலகுகின்றன. ஒரு முனையை முளையில் மாட்டி, மறுமுனையை ‘ஷாக்கிள்’ எனும் ஊசலாடும் இணைப்பில் தொங்கவிடுவது இதற்காகத்தான். இரு முனைகளையும் இறுக்கிவிட்டால் பட்டை தாராளமாக நிமிர முடியாது.

ஒன்றை மறக்கக் கூடாது. இவ்வாறு வரைந்த படம், பட்டை எங்கெல்லாம் நகரும் என்பதையே சொல்லும். எத்தனை டன்னுக்கு எவ்வளவு நிமிரும், எப்போது முறியும் என்பதை ஹூக்கின் விதியும் முடிவுறு கூறு முறையுமே சொல்ல வேண்டும். திரையில் அழகாக அசையும் பட்டையைக் கண்டு, அது பாரத்தைத் தாங்கும் என்று முடிவுகட்டுவது தவறு.

அடுத்த முறை பாரம் ஏற்றும் லாரியைக் காணும்போது, பாதுகாப்பான தொலைவில் நின்று ஷாக்கிளைப் பாருங்கள். பட்டை நிமிர நிமிர அது மெல்லச் சாயும். கணினிக்கு நாம் பின்னாளில் கற்பித்த நிபந்தனையை, அந்தச் சிறு இரும்புத்துண்டு நெடுங்காலமாகச் செய்து காட்டி வருகிறது.