மேடை ஏறாத ஆபரா

'சிட்டிசன் கேன்' (1941) பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. கோடீஸ்வரன் கேன், தன் இரண்டாம் மனைவி பாடுவதற்காகவே ஓர் ஆபரா அரங்கம் கட்டிக் கொடுக்கிறான். திரை விலகுகிறது. அவள் பாடத் தொடங்குகிறாள். கேமரா மெல்ல மேலே, மேலே ஏறி, மேடைக்கு உச்சியில் பரண்மேல் நிற்கும் இரண்டு தொழிலாளிகளிடம் போய் நிற்கிறது. ஒருவர் மற்றவரைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்.

அவள் பாடும் 'சலாம்போ' ஆபரா உலகத்தில் எங்கும் கிடையாது. படத்துக்காக பெர்னார்ட் ஹெர்மன் மெட்டமைத்தது. மோசமாகப் பாடுங்கள் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. முறையாகப் பயின்ற, ஆனால் மெல்லிய குரல் கொண்ட ஒரு பாடகியைப் பிடித்தார். மெட்டை உச்ச ஸ்தாயியில் நிறுத்தினார். கீழே வாத்தியங்களைக் கொட்டினார். பாவம், அந்தப் பெண் முழு மூச்சோடு பாடியும் கரையேற முடியவில்லை. 1970களில் கிரி தே கனாவா அதையே ஒலிப்பதிவுக்குப் பாடியபோதுதான், அது எத்தனை நல்ல பாட்டு என்று தெரிந்தது.

ஹெர்மன் அடிப்படையில் கண்டக்டர். நமக்குக் கண்டக்டர் என்றதும் விசில்தான் ஞாபகம் வரும். இவர் கையில் இருந்தது சின்னக் குச்சி. 1911ல் நியூயார்க்கில் பிறந்தவர், 1934ல் சி.பி.எஸ். வானொலியில் சேர்ந்தார். பின்னாளில் அதன் சிம்பனி இசைக்குழுவுக்கே தலைமை ஏற்றார். முன்கோபி. ஸ்டுடியோக்களில் அவரோடு மல்லுக்கட்டாதவர்கள் குறைவு.

ஆனால், ஹிட்ச்காக் 1956ல் எடுத்த 'த மேன் ஹூ நியூ டூ மச்' படத்தின் ராயல் ஆல்பர்ட் ஹால் காட்சியைப் பாருங்கள். லண்டன் சிம்பனியை நடத்திக்கொண்டு திரையில் நிற்பவர் ஹெர்மனேதான். ஒலிப்பது ஆர்தர் பெஞ்சமினின் இசை. புதிதாக எழுத வாய்ப்பு இருந்தும், பழையதே போதும் என்று விட்டுவிட்டார். அந்த மனிதரிடம் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 'சைக்கோ' (1960) வந்தபோது கதை வேறு. குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றார் ஹிட்ச்காக். இவர் கேட்கவில்லை. வயலின்கள் கிறீச்சிட்டதை ஊரே கேட்டது.

இத்தனைக்கும் நடுவில் நிஜமாகவே ஓர் ஆபரா எழுதினார்: எமிலி பிராண்டியின் 'வதரிங் ஹைட்ஸ்'. 1943ல் தொடங்கி, முடித்தது 1951ல். பாடல் பகுதியை எழுதியவர் முதல் மனைவி லூசில் ஃப்ளெட்சர். இசை முடிவதற்குள் மணவாழ்க்கை முடிந்துவிட்டது. மேடையேற்ற வேண்டுமானால் நீளத்தைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோதெல்லாம் முடியாது என்றார். கடைசியில் 1966ல், கைக்காசைப் போட்டு, லண்டனில் தானே நடத்தி இசைத்தட்டாகப் பதிவுசெய்தார். இல்லாத ஆபராவைத் தியேட்டர் தியேட்டராக ஜனம் கேட்டிருந்தது. இருந்த ஆபராவை மேடையில் பார்க்க அவருக்கே கொடுத்துவைக்கவில்லை.

1975 டிசம்பர் 23ல் 'டாக்ஸி டிரைவர்' ஒலிப்பதிவு முடிந்தது. அன்றிரவு தூங்கியவர் எழுந்திருக்கவில்லை. 1982ல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் 'வதரிங் ஹைட்ஸ்' முதல்முறையாக மேடையேறியது, வெட்டிக் குறைத்து.

(தொடரும்)