சிகிரியாப் பெண்கள் யார்?

சிகிரியா ஓவியங்களைப் பார்க்க வகுப்பாகப் போனபோது, சுழல் படிக்கட்டு வரிசையில் நிற்கும்போதே எங்களுக்குள் வாக்குவாதம் தொடங்கிவிட்டது. "இவையள் காசியப்பன்ர அரண்மனைப் பெண்கள்" எண்டு ஒருத்தர். "இல்லை, தேவகன்னியர்" எண்டு இன்னொருத்தர். "சோதனையில எதை எழுதினா புள்ளி வரும்?" எண்டு மூன்றாவது ஆள். சிரித்துவிட்டு ஏறினோம். ஆனால் திரும்பி வரும்போது அந்தக் கேள்விதான் எங்களைக் குடைந்தது. ஒரே ஓவியத்துக்கு ஏன் இத்தனை விடைகள்?

தொல்பொருளியல் ஆணையாளராக இருந்த எச்.சி.பி. பெல், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே அகழ்வு செய்தவர். அவர் இடத்திலிருந்து தொடங்கினார். பக்கத்திலேயே பிதுரங்கல விகாரை இருக்கிறது. பெண்களின் கைகளில் பூக்கள். ஆகவே இவர்கள் வழிபாட்டுக்குப் போகும் அரசவைப் பெண்கள் என்றார். நல்ல ஊகம்தான். ஆனால் இடுப்புக்குக் கீழே உடல் இல்லையே, முகில் அல்லவா இருக்கிறது?

ஆனந்த குமாரசுவாமி இந்திய மரபோடு ஒப்பிட்டுப் பார்த்தார். முகிலுக்கு மேலே தோன்றிப் பூச்சொரிபவர்கள் அப்சரஸ்கள் என்பது அவரது முடிவு. பரணவிதான நூலிலிருந்து வந்தார். காசியப்பன் இங்கே அளகாபுரியில் குபேரன் போல வாழ்ந்தான் என்கிறது சூளவம்சம். அப்படியென்றால் கரிய பெண்கள் முகில்கள், பொன்னிறப் பெண்கள் மின்னல்கள் என்றார். அழகான வாசிப்பு. ஆனால் சூளவம்சம் காசியப்பனுக்குப் பல நூற்றாண்டு பிந்தியது.

எர்வின் பனோஃப்ஸ்கி 1939இல் ஓவியத்தை வாசிக்க மூன்று படிகளைச் சொன்னார்: கண்ணுக்குத் தெரிவது, மரபுப்படி அது குறிக்கும் பொருள், அதற்குள் இருக்கும் காலத்தின் மனப்போக்கு. ஒவ்வொரு படியையும் வரலாற்றோடு சரிபார்க்க வேணும் எண்டும் சொன்னார். சிகிரியாவில் சண்டை பெரும்பாலும் இரண்டாவது படியில்தான். பரணவிதான அங்கிருந்து மூன்றாவதுக்கும் தாவிவிடுகிறார்.

இன்னொரு சாட்சியம் கீழேயே இருக்கிறது. கண்ணாடிச் சுவரில் பழைய பார்வையாளர்கள் கவிதைகள் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவற்றில் 685ஐ வாசித்து 1956இல் வெளியிட்டவரும் அதே பரணவிதானதான். பெரும்பாலானவை 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையானவை. எழுதியவர்களில் பெண்களும் உண்டு. சிலர் ஓவியப் பெண்களில் மயங்கினார்கள், பேச மாட்டீர்களா எண்டு கோபித்தார்கள்; சிலர் அரசனை இழந்து வாடும் பெண்களாகப் பாடினார்கள். ஓவியன் என்ன நினைத்தான் என்பதற்கு இவர்கள் சாட்சி அல்ல. சில நூற்றாண்டுகள் பிந்தி வந்தவர்கள். ஆனால் ஓவியம் பார்ப்பவர்களை என்ன செய்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேறெங்கே?

ஆக, "யார் இவர்கள்?" என்பதும் "இவர்களை எப்படிப் பார்த்தார்கள்?" என்பதும் வேறு வேறு கேள்விகள். ஒன்றின் சாட்சியத்தால் மற்றதை நிறுவ முடியாது. முதல் கேள்விக்கு எங்கட தெரிவு இப்போதைக்கு குமாரசுவாமி பக்கம்தான், ஏனென்றால் முகிலை விளக்காத விடை எங்களுக்குப் போதாது. சோதனைத்தாளிலும் விடையோடு சேர்த்து அதன் ஓட்டையையும் எழுதப்போறோம். புள்ளி வந்தா வரட்டும்.

நீங்கள் அங்கே போனால், முகங்களைப் பார்க்க முதல் அந்த முகிலை ஒருக்காப் பாருங்கோ.