முலாம்பழத்துக்காக எழுந்த கோபுரங்கள்

முலாம்பழக் கொடியில் காய்ப்பு கூட வேண்டுமென்றால் நல்ல விதை, அளவான தண்ணீர், காலத்தில் நுனி கிள்ளுவது என்றுதான் பேச்சு போகும். 17ஆம் நூற்றாண்டு இஸ்ஃபஹானிலோ எருவுக்கென்றே கட்டடம் எழுப்பினார்கள். 1598இல் ஷா அப்பாஸ் பாரசீகத்தின் தலைநகரை அங்கே மாற்றியபின் ஊர் பெருத்தது. பழத்துக்குக் கிராக்கியும் பெருத்தது. அங்கே பல ஆண்டுகள் தங்கிய பிரெஞ்சு நகை வணிகர் ழான் ஷார்தன், இஸ்ஃபஹான் ஒரே நாளில் தின்னும் முலாம்பழத்தைப் பிரான்ஸ் ஒரு மாதத்திலும் தின்னாது என்று எழுதுகிறார். கொஞ்சம் கூட்டியே சொல்லியிருப்பார். ஆனால் நகரைச் சுற்றி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட புறாக் கோபுரங்கள் இருந்ததாகவும், அவற்றின் எச்சம் முக்கியமாக முலாம்பழத்துக்கே போனதாகவும் அவர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. அந்தக் கோபுரங்களில் பல இன்றும் நிற்கின்றன.

மண்செங்கல்லில் எழுப்பிய உருண்டைக் கோபுரம். வெளிச்சுவரில் வழவழப்பான சாந்துப் பட்டை, பாம்பு ஏறினால் வழுக்கிவிடும். உள்ளே கீழிருந்து மேல்வரை ஆயிரக்கணக்கான பொந்துகள்; எச்சம் நேரே தரையில் விழும். ஆண்டுக்கொரு முறை கதவைத் திறந்து வாரிக்கொள்வார்கள். பகலெல்லாம் வெளியே மேய்ந்துவிட்டு வந்து அடையும் பறவைக்குத் தீனிச் செலவு இல்லை. ஆட்டுக்கிடை போட்டுப் பழகிய நம்மூர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று விளங்கும்: பரந்த வெளியில் சிதறிக் கிடக்கும் சத்து ஒரே தோட்டத்தில் வந்து குவிகிறது. மாட்டுச் சாணத்தைவிடப் புறா எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிக அதிகம். பச்சையாகக் கொட்டினால் வேரைக் கருக்கும்; மண்ணோடு கலந்து மட்கவிட்டால், சத்தை உறிஞ்சித் தள்ளும் இந்தக் கொடிக்கு அதைவிடத் தோதான எரு அரிது.

ஷா அப்பாஸ் காலத்துக்கு முன்பே இஸ்ஃபஹான் பழம் பேர்பெற்றதாயிற்றே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 14ஆம் நூற்றாண்டில் அவ்வழியே சென்ற இப்னு பதூதா, புகாராவுக்கும் குவாரசமுக்கும் அடுத்த இடத்தை அதற்குத் தந்திருக்கிறார். வறண்ட காற்றும் ஜாயந்தே ஆற்று நீரும் இனிப்பைத் தந்திருக்கும். ஆனால் இனிப்பு வேறு, விளைச்சல் வேறு. தலைநகரின் பசிக்கு ஆண்டுதோறும் ஈடுகொடுக்க, எடுத்த சத்தை மண்ணுக்குத் திருப்பியாக வேண்டும். எச்சம் தோல் பதனிடவும் வெடியுப்பு எடுக்கவும்கூடப் பயன்பட்டது உண்மை. ஆனால் அதற்காக மட்டும் கட்டியிருந்தால் கோபுரங்களைத் தோட்டங்களுக்கு நடுவே நிறுத்தியிருக்கத் தேவையில்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. புறாக்கள் மேய்ந்தது ஊரார் வயலில்தானே? மறுக்க வழியில்லை, சிந்திய மணியை மட்டும் பொறுக்கு என்று புறாவுக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. கோபுரக்காரரின் பழத்தில் பக்கத்து வயலின் கோதுமையும் கொஞ்சம் இருந்தது. ஆனால் இந்தக் குற்றச்சாட்டே என் வாதத்துக்குச் சாட்சி. கூடுதல் காய்ப்புக்கான சத்து தோட்டத்துக்குள்ளேயே ஊறிவிடவில்லை, வெளியிலிருந்து வந்தது. 20ஆம் நூற்றாண்டில் அதே சத்து இரசாயன உர மூட்டையில் வரத் தொடங்கியதும் கோபுரங்களைப் பழுதுபார்ப்பார் இல்லாமல் போனது.