நாலு நம்பர்

2021 மே மாதம். டில்லியில் எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு (சேலம் பக்கம், வயசு நாற்பதுக்குள்) ராத்திரி கண்விழித்து ஒருவழியாகத் தடுப்பூசி ஸ்லாட் பிடித்தேன். என் செல்லுக்கு வந்த நாலு இலக்க எண்ணைத் துண்டுச்சீட்டில் எழிதிக் கொடுத்தேன். மறுநாள் மையத்திலிருந்து போன்: "சார், நம்பர் கேக்குறாங்க. சொல்லட்டுமா வேணாமா?"

தப்பு என்னுடையது. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீங்க அக்கா என்று வருஷக்கணக்காகச் சொல்லிக் கொடுத்தவன் நான்தானே! இது வேறு எண், இதைச் சொன்னால்தான் ஊசி என்று விளக்க மறந்துவிட்டேன்.

அந்த எண் 2021 மே 8-ல்தான் வந்தது. ஸ்லாட் எடுத்துவிட்டுப் போகாதவர்களுக்கும் 'ஊசி போட்டாச்சு' என்று குறுஞ்செய்தி போனதால் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், படிக்கத் தெரிந்தவர்களுக்கு.

கோவின் அந்த ஜனவரி 16-ல் ஓட ஆரம்பித்தபோது மருத்துவப் பணியாளர்களின் பட்டியல் ஏற்கனவே அதில் ஏற்றப்பட்டிருந்தது. மார்ச்சில் முதியவர்கள் நேராகவே மையத்துக்குப் போக வழி இருந்தது. மே 1 முதல் 18–44 வயதினருக்குத்தான் ஆன்லைன் பதிவு கட்டாயம் என்றார்கள். ஏப்ரல் 28 சாயங்காலம் நாலு மணிக்குப் பதிவு திறந்தது, அன்றைக்கே ஒரு கோடிக்கு மேல் பதிவு. தளமோ முழுக்க ஆங்கிலம். நம்மவர்கள் டெலிகிராம் அலர்ட் வைத்துக்கொண்டு ஸ்லாட்டை அள்ளினோம் (நானும்தான், மறைப்பானேன்).

இத்தனைக்கும் இந்தப் பாடம் புதுசு இல்லை. 2020 ஏப்ரலில் ஆரோக்ய சேது ஸ்மார்ட்போனுக்கு மட்டும் வந்தது. மறுமாதமே சாதா போன்காரர்களுக்காக 1921-க்கு மிஸ்டு கால் வசதி வந்தது. அதற்கும் முன்னால், 2016 ஜனவரியில் மத்திய அரசு கில்காரியைத் தொடங்கியிருந்தது. கர்ப்பத்தின் நாலாம் மாதத்திலிருந்து குழந்தைக்கு ஒரு வயசு ஆகும்வரை வாரம் ஒரு அழைப்பு, மொத்தம் 72. எழுத்தே கிடையாது. டாக்டர் அனிதா என்ற கற்பனை டாக்டரின் குரல் அக்கா மாதிரிப் பேசும். சாதா போன் போதும். பீகாரில் பிறந்த யோசனை அது. இதெல்லாம் கையில் இருந்தும் கோவின் திரையையே நம்பியது ஏன் என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

மே 24-ல் அரசு மையங்களில் 18–44 வயதினருக்கும் நேரடிப் பதிவை அனுமதித்தார்கள், அதுவும் மாநிலங்கள் விரும்பினால். மே 31-ல் உச்ச நீதிமன்றம், கிராமத்து ஏழை இதில் எப்படிப் பதிவு செய்வார் என்று கேட்டது. ஜூன் முதல் வாரம் இந்தி, தெலுங்கு, கன்னடம், மலையாளம் எல்லாம் வந்தன... தமிழைக் காணோம்! தமிழக அரசு கேட்ட பிறகுதான் சேர்த்தார்கள். ஜூன் 21 முதல் எல்லா வயதினரும் நேராகவே போகலாம் என்றானது.

இரண்டாவது டோஸுக்கு அக்கா என்னைக் கேட்கவில்லை. ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்று போட்டுக்கொண்டு வந்துவிட்டார். போட்டாச்சு என்ற செய்தி மட்டும் என் செல்லுக்கு வந்தது, ஆங்கிலத்தில். அவருடைய சான்றிதழ் இன்னும் என் போனில்தான் இருக்கிறது.