'இல்லை' வேற, 'தெரியலை' வேற

மாமாவுக்கு சிவகாசியில சின்னதா ஒரு அச்சகம். அவரோட மெயில் சர்வரைப் பாத்துக்கறது அடியேன் (சம்பளம்: வருஷத்துக்கு ரெண்டு காலண்டர்). சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி மாதிரி, ஒரு சனிக்கிழமை ராத்திரி, ரொம்ப நாளா தொடாம இருந்த ஆல்பைன் லினக்ஸை ஒரே தாவா புது வெர்ஷனுக்கு மாத்திட்டுத் தூங்கிட்டேன். திங்கக்கிழமை காலையில போன்.

"மாப்ள, நேத்துல இருந்து ஒரு ஆர்டர் மெயில்கூட வரலியேடா. காலண்டர் சீசன்டா!"

லாக்கைத் திறந்தா ஒரே வரி, பக்கம் பக்கமா: 'அன்சப்போர்ட்டட் டிக்‌ஷனரி டைப்: ஹேஷ்'. வயித்துல புளி கரைச்சுது.

விஷயம் இதுதான். ஒரு மெயில் வந்தா போஸ்ட்ஃபிக்ஸ் முதல்ல கேக்கற கேள்வி, "இந்தப் பேருல இங்க யாராவது இருக்காங்களா?". பதில் ஒரு பட்டியல்ல இருக்கும். வெறும் டெக்ஸ்ட் கோப்பை ஒவ்வொரு மெயிலுக்கும் மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சா விளங்காது. அதனால சாவி கொடுத்தா மதிப்பு தர்ற குட்டி டேட்டாபேஸா மாத்தி வெச்சுக்கறது வழக்கம். அந்த வழக்கத்துக்கு என்னை விட வயசு ஜாஸ்தி.

1979-ல பெல் லேப்ஸ்ல இருந்து வந்த ஏழாம் பதிப்பு யுனிக்ஸோட கென் தாம்ப்சன் எழுதின டிபிஎம் வந்துது. ஒரு டேட்டாபேஸுக்கு ரெண்டு கோப்பு, ஒரு புரோகிராம் ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் திறக்க முடியும். அவ்ளோதான் வசதி. பெர்க்லியில எரிக் ஆல்மன் எழுதின சென்ட்மெயில் இதைப் பிடிச்சுக்கிச்சு. ஏலியாஸ் கோப்பைத் திருத்திட்டு 'நியூஏலியாஸஸ்'னு தட்டினா டிபிஎம் கோப்பு ரெடி. (தட்ட மறந்துட்டு "ஏன் வேலை செய்யலை"ன்னு மண்டையைப் பிச்சுக்கிட்டவங்க கைதூக்குங்க. நான் ரெண்டு கையும்.)

இங்கதான் ஒரு சிக்கல். கோப்பு பாதி எழுதின நிலையில ஒரு மெயில் உள்ள வந்தா? பேரு பட்டியல்ல இன்னும் ஏறலை. சென்ட்மெயில் பாத்துட்டு "அப்படி யாரும் இல்லை"ன்னு திருப்பி அனுப்பிடும். ஆளு இருக்காரு, மெயில் போச்சு. இதுக்கு அவங்க பண்ணின வைத்தியம் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒண்ணு. எல்லாப் பேரும் எழுதி முடிச்ச அப்புறம், '@'-ங்கற பேருக்கு '@'-ன்னு ஒரு போலி ஏலியாஸ் சேர்ப்பாங்க. நிஜத்துல அப்படி ஒரு முகவரி செல்லாது. சென்ட்மெயில் முதல்ல அதைத் தேடும். அது இருந்தாத்தான் டேட்டாபேஸ் முழுசு, இல்லேன்னா காத்திருக்கும். கல்யாண வீட்டுல பந்தியில பாயசம் வந்தாத்தான் சாப்பாடு முடிஞ்சுதுன்னு அர்த்தம்கற மாதிரி.

டிபிஎம்முக்கு அப்புறம் 1991-ல பெர்க்லி டிபி வந்துது. மார்கோ செல்ட்சரும் ஓசன் யிகிட்டும் புது ஹேஷை எழுதினாங்க. 1998 கடைசியில வீட்சா வெனிமா ஐபிஎம்ல இருந்து வெளியிட்ட போஸ்ட்ஃபிக்ஸ்ல 'ஹேஷ்'னு எழுதினா அது பெர்க்லி டிபிதான். இன்னொரு பக்கம் க்யூமெயில் எழுதின டேனியல் பெர்ன்ஸ்டைன் சிடிபின்னு ஒண்ணு செஞ்சார். ஒரு பேரைக் கண்டுபிடிக்க டிஸ்கை ரெண்டே தடவை தொட்டாப் போதும். திருத்தவே முடியாது, மொத்தமா புதுக் கோப்பு செஞ்சு பழசு இருந்த இடத்துல சட்டுனு மாத்தி வைக்கணும். பாதிக் கோப்பு பிரச்சினையே கிடையாது. மனுஷன் கறார்தான், ஆனா கெட்டிக்காரர்.

பெர்க்லி டிபியை வளர்த்த ஸ்லீப்பிகேட் கம்பெனியை 2006-ல ஆரக்கிள் வாங்குச்சு. 2013-ல லைசென்ஸ் ஏஜிபிஎல்-னு மாறுச்சு. லினக்ஸ்காரங்க பழைய வெர்ஷன்லயே தேங்கிட்டாங்க, அப்புறம் மெதுவா கழட்டி விட ஆரம்பிச்சாங்க. ஆல்பைன் கழட்டினது 2021 ஜனவரியில வந்த 3.13-ல. வெளியீட்டுக் குறிப்புலயே போட்டிருந்தாங்க. நான்தான் படிக்கலை.

மாமா கதைக்கு வர்றேன். லாக்ல அடுத்த வரியைப் பாத்ததும்தான் உசுரு வந்துது. அனுப்பின சர்வர்களுக்கு எல்லாம் என் போஸ்ட்ஃபிக்ஸ் 451-னு பதில் சொல்லியிருக்கு: 'டெம்பரரி லுக்அப் ஃபெயிலியர்'. 550 இல்லை! 550-ன்னா "அப்படி ஆளே கிடையாது", மெயில் அங்கேயே காலி. 451-ன்னா "இப்ப பாத்துச் சொல்ல முடியலை, அப்புறம் வாங்க". அனுப்பற சர்வர் வரிசையில வெச்சுக்கிட்டு மறுபடி மறுபடி முயற்சி பண்ணும், பொதுவா நாலஞ்சு நாள் வரைக்கும். பட்டியலைத் திறக்க முடியாததும் பட்டியல்ல பேரு இல்லாததும் ஒண்ணு இல்லைன்னு வெனிமா கோட்ல பிரிச்சு வெச்சிருக்கார்.

ஏலியாஸ் பட்டியலை எல்எம்டிபிக்கு மாத்தினேன். ஓப்பன்எல்டாப்புக்காக ஹோவர்ட் சூ எழுதினது, போஸ்ட்ஃபிக்ஸுக்கு 2014-ல 2.11-ல வந்துது. கோப்பு எவ்ளோ பெருசு ஆகலாம்னு முன்னாடியே சொல்லணும்கறது இதோட குணம். ரொம்பிப் போனா போஸ்ட்ஃபிக்ஸே அளவைக் கூட்டிக்குது.

மெயில்பெட்டி பட்டியலை மட்டும் எஸ்க்யூலைட்ல வெச்சேன். 2011-ல வந்த 2.8-ல இருந்து இது இருக்கு. டேட்டாபேஸ் கோப்பு எங்கன்னு ஒரு வரி, செலக்ட் வாக்கியம் ஒரு வரி, முடிஞ்சுது. போஸ்ட்மேப் தட்ட மறக்கற தொல்லை இல்லை. ரிச்சர்ட் ஹிப் இதை யோசிச்சதே அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒண்ணுக்கு வேலை பாத்தப்போ. டேட்டாபேஸ் சர்வர் படுத்தா, பழி இவர் புரோகிராம் மேல விழுந்துதாம். சர்வரே இல்லாம பண்ணிட்டார். 2000 ஆகஸ்ட்ல வந்த முதல் வெர்ஷன் உள்ளுக்குள்ள எதுல எழுதுச்சு தெரியுமா? ஜிடிபிஎம்ல. நம்ம டிபிஎம்மோட வாரிசு!

அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள முப்பத்தேழு மெயில் வந்து விழுந்துது. மாமா போன் பண்ணினார். "எல்லாம் வந்துடுச்சு மாப்ள. கோயமுத்தூர்காரன் மட்டும் வேற பிரஸ்ல கொடுத்துட்டானாம்."

இந்த வருஷம் எனக்கு ஒரே ஒரு காலண்டர்தான் வந்துது.