கணினி இழுக்கிறதா? முதலில் இணைப்பைக் கழற்றிப் பாருங்கள்

மாசி மாதக் கடைசியில் ரி4 சீட்டுகள் வரத் தொடங்கினால், ஏப்ரல் 30 வரைக்கும் கனடாவில் எம்மைப் போன்ற சிறு கணக்காளர் அலுவலகங்களுக்கு ஓய்வு இல்லை. ஒவ்வொரு வருடமும் அந்த நாட்களில்தான் "கொம்பியூட்டர் சரியான ஸ்லோ, புதுசு ஒன்று வாங்கத்தான் வேணும்" என்ற பேச்சும் கூடுதலாகக் கேட்கும். கணக்குப் பார்ப்பதே எமது தொழில், கணினி திருத்துவது அல்ல. ஆனால் மூன்று நான்கு கணினிகளை ஒரு பொதுக் கோப்புறையோடு இணைத்து வேலை செய்யும் எந்த அலுவலகமும் இந்தக் கைவைத்தியத்தைக் கொஞ்சமாவது பழகாமல் தப்ப முடியாது. அப்படிப் பழகியதில் எமக்குத் தெளிவான விடயம் இது: மந்தமாகத் தெரியும் கணினிகள் பல உண்மையில் மந்தமானவை அல்ல. அவை காத்துக்கொண்டிருக்கின்றன. சேவரோ, பிரிண்டரோ, ரவுட்டரோ, மறுமுனையில் பதில் சொல்ல வேண்டிய ஏதோ ஒன்று பதில் சொல்லவில்லை.

வங்கியிலிருந்து உறுதிக் கடிதம் வரும்வரை மேசையில் கிடக்கும் கணக்கை நினைத்துப் பாருங்கள். கடிதம் வராத குற்றத்துக்கு எழுதுவினைஞரை மாற்றிப் பயனில்லை. கணினியிலும் அப்படித்தான்.

எனவே காசு செலவழிக்கும் முன் செய்ய வேண்டிய முதற் சோதனைக்கு ஒரு சதமும் தேவையில்லை. திறந்திருக்கும் கோப்புகளைச் சேமித்து மூடிவிட்டு, வலையமைப்பு வயரைக் கழற்றுங்கள். வைஃபை என்றால் அதை நிறுத்துங்கள். விமானப் பயணத்துக்கான 'ஏர்பிளேன் மோட்' வேண்டாம். அது பெரும்பாலும் புளூடூத்தையும் சேர்த்து நிறுத்திவிடும். உங்கள் மவுஸ் புளூடூத்தில் ஓடுவதென்றால் கணினி உறைந்துவிட்டது என்று தவறாக எண்ணுவீர்கள். ஐந்து நிமிடம் பொறுத்து, கணினியிலேயே இருக்கும் ஒரு கோப்பைத் திறந்து தட்டச்சுச் செய்யுங்கள். சேமித்து வைத்த பாட்டு ஒன்றைப் போடுங்கள். இப்போதும் இழுத்தால் பிழை கணினிக்குள் இருக்கிறது: பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க், போதாத நினைவகம், தூசி அடைத்த விசிறி. அது வேறு கட்டுரைக்கான விடயம். கணினி திடீரென்று இளமை திரும்பியது போல ஓடினால், தொடர்ந்து வாசியுங்கள்.

வயரைத் திரும்பக் கொழுவிவிட்டு, கொன்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் விண்டோஸில் டாஸ்க் மனேஜர் வரும். கணினி உறைந்து நிற்கும் நேரத்தில் அதில் சிபியு நிரலைப் பாருங்கள். ஐந்து, பத்து வீதம்தான் என்றால், இயந்திரம் உழைக்கவில்லை, காத்திருக்கிறது.

எதற்காகக் காத்திருக்கும்? எம்மைப் போன்ற அலுவலகங்களில் அடிக்கடி அகப்படும் முதற் குற்றவாளி, செத்துப்போன வலையமைப்பு ட்ரைவ். முன்பு இருந்த ஒரு சேவருக்கோ, பக்கத்து மேசையில் இருந்து எடுத்துவிட்ட ஒரு கணினிக்கோ 'இசட்' அல்லது 'எஸ்' என்ற எழுத்தில் ஒரு ட்ரைவ் கட்டியிருப்போம். இயந்திரம் போய்விட்டது, எழுத்து மட்டும் நிற்கிறது. கோப்புறைச் சாளரத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் விண்டோஸ் அந்த இல்லாத இயந்திரத்தைக் கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வராது என்று அது தீர்மானிக்கப் பல செக்கன்கள் செல்லும். அந்த நேரம் முழுக்கச் சாளரம் வெள்ளையாகி நிற்கும். அந்த ட்ரைவின் மேல் வலது கிளிக் செய்து 'டிஸ்கனெக்ட்' கொடுத்தால் போதும். இடப்பக்கம் 'குயிக் அக்செஸ்' பட்டியலில் பொருத்தி வைத்த பழைய வலையமைப்புக் கோப்புறைகளையும் அப்படியே அகற்றுங்கள். அவையும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

இரண்டாவது குற்றவாளியைப் பலர் நம்பமாட்டார்கள்: பிரிண்டர். எக்செல் ஒரு தாளின் பக்க அமைப்பைக் கணிப்பதற்கு, நீங்கள் அச்சிடாவிட்டாலும்கூட, இயல்பு பிரிண்டராகக் குறித்து வைத்ததன் ட்ரைவர் மென்பொருளைக் கேட்கும். அந்தப் பிரிண்டர் வலையமைப்பில் இருந்து, நிறுத்தியோ வேறு முகவரிக்கு மாறியோ இருந்தால், எக்செல் திறக்கும்போதும் பக்க அமைப்பைத் தொடும்போதும் தடுமாறும். எமது அலுவலகத்தில் ஒரு கணினி காலையில் மட்டும் இழுத்தது, மத்தியானத்துக்குப் பின் ஒழுங்காக ஓடியது. விசாரித்தால், பிரிண்டரை யாரோ பத்து மணிக்குப் பிறகுதான் போடுகிறார்கள். சோதிப்பது சுலபம். 'மைக்ரோசொவ்ட் பிரிண்ட் டு பி.டி.எஃப்.' என்று விண்டோஸோடு வரும் பிரிண்டரை இயல்பு பிரிண்டராக்குங்கள். எக்செல் உடனே உயிர்த்தால் காரணம் அகப்பட்டுவிட்டது. அமைப்புகளில் 'இயல்பு பிரிண்டரை விண்டோஸே நிர்வகிக்கட்டும்' என்ற பொருளில் உள்ள தெரிவையும் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசியாக அச்சிட்ட பிரிண்டருக்கு அது தானாகவே மாறிவிடும்.

எக்செலோடு நிற்கும்போதே இன்னொன்று. கடந்த வருடக் கோப்பைப் பிரதி எடுத்து இந்த வருடத்துக்குத் தயாரிப்பது எமது தொழிலில் வழக்கம். அந்தப் பிரதிக்குள் பழைய சேவரில் இருந்த கோப்புகளுக்கான தொடுப்புகள் ஒளிந்திருக்கும். 'டேற்றா' பட்டியலில் தொடுப்புகளைக் காட்டும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். இல்லாத கோப்பைத் தேடும் தொடுப்பை முறித்துவிடலாம். முறித்ததும் சூத்திரம் போய்விடும், கடைசியாக இருந்த தொகை மட்டும் நிற்கும். அதனால் பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

பலர் ஒரே நேரத்தில் திறந்து வேலை செய்யும் கணக்கியல் மென்பொருளை வைஃபையில் ஓட்டுவது பற்றி எமக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு: வேண்டாம். இணைய வேகம் ஐந்நூறு மெகாபிட் என்று சந்தோசப்படுவதில் பயனில்லை. இங்கே கணக்கு வேகத்தில் இல்லை, போய்வரும் நேரத்தில் இருக்கிறது. ஒரு அறிக்கையைத் தயாரிக்க மென்பொருள் சேவரிடம் 2000 தடவை கேட்டுப் பதில் வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வயரில் ஒரு தடவைக்கு 1 மில்லிசெக்கன் என்றால் 2 செக்கனில் முடியும். நெரிசலான வைஃபையில் 10 மில்லிசெக்கன் என்றால் 20 செக்கன். கணினியும் அதேதான், சேவரும் அதேதான். சில டொலர் பெறுமதியான ஒரு வயர் செய்யும் வித்தியாசம் அது.

வயரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. உள்ளே நான்கு சோடிக் கம்பிகள் இருக்கின்றன. ஆயிரம் மெகாபிட் வேகத்துக்கு நான்கும் தேவை. நூறுக்கு இரண்டே போதும். கதவிடுக்கில் நசிந்தோ, கதிரைச் சில்லு ஏறியோ ஒரு சோடி அறுந்தால், இணைப்பு அறாது. பெரும்பாலும் சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும். வலையமைப்பு அமைப்புகளில் இணைப்பு வேகம் 100/100 என்று காட்டினால், கணினியும் ரவுட்டரும் ஆயிரத்துக்கு உரியவை என்றால், வயரை மாற்றுங்கள்.

இனி வேறு வகையான நோய். பாட்டில் கரகரப்பு, வீடியோவில் வெட்டு, மவுஸ் அம்பு குதித்துக் குதித்துப் போவது. இங்கே கணினி காத்திருக்கவில்லை; யாரோ அதன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். வலையமைப்பு அட்டைக்கு ஏதும் வந்தால் அது செயலியைக் குறுக்கிட்டு "இதை முதலில் கவனி" என்று கேட்கும். ஒழுங்காக எழுதிய ட்ரைவர் ஒரு கணத்தில் வேலையை முடித்து விலகும். மோசமான ட்ரைவர் விடாமல் பிடித்துக்கொள்ளும். விண்டோஸ் ஒலியைச் சாதாரணமாக 10 மில்லிசெக்கன் அளவான சிறு துண்டுகளாகத்தான் தயாரித்து அனுப்புகிறது. அந்த இடைவெளிக்குள் செயலிக்குக் கை ஓயாவிட்டால் காதில் கரகரப்பு விழும். அதனால்தான் எழுத்து வேலையில் தெரியாத நோய் முதலில் ஒலியில் தெரிகிறது.

டாஸ்க் மனேஜரில் 'சிஸ்டம் இன்ரரப்ட்ஸ்' என்ற வரியைத் தேடுங்கள். வழமையாக ஒரு வீதத்தைச் சுற்றியே நிற்க வேண்டும். பல வீதத்துக்கு ஏறி நின்று, வைஃபையை நிறுத்தியதும் விழுந்தால், சந்தேகம் உறுதி. 'லேற்றன்சிமொன்' என்ற மென்பொருள் எந்த ட்ரைவர் எவ்வளவு நேரம் பிடித்தது என்று பட்டியலிடும். அதில் 'என்.டி.ஐ.எஸ்.' என்ற பெயர் மேலே வந்தால், அது விண்டோஸின் வலையமைப்புப் பகுதி; பெரும்பாலும் அதன் கீழே ஓடும் அட்டையின் ட்ரைவர்தான் கோளாறு. கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்குரிய ட்ரைவரை எடுத்துப் போடுங்கள். ஒரு அப்டேட்டுக்குப் பிறகுதான் தொடங்கியது என்றால், டிவைஸ் மனேஜரில் 'ரோல் பாக்' கொடுத்துப் பழையதற்குத் திரும்பலாம். 'உங்கள் ட்ரைவர் எல்லாவற்றையும் புதுப்பித்துத் தருகிறோம்' என்று விளம்பரம் செய்யும் மென்பொருட்களை அண்டவே வேண்டாம்.

மவுஸ் மட்டும் குதித்து மற்றவை ஒழுங்காக ஓடினால் ட்ரைவரைத் தேடி அலையாதீர்கள். யூ.எஸ்.பி. 3 வகை ஹார்ட் டிஸ்க்கும் அதன் வயரும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து வெளியிட்டது. வயரில்லா மவுஸும், புளூடூத்தும், பழைய வைஃபையும் அதே அலைவரிசையில்தான் இருக்கின்றன. மவுஸின் சின்ன வாங்கியை ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்துத் துளையிலிருந்து கழற்றி, ஒரு நீட்டிப்பு வயரில் தள்ளி வையுங்கள். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். ரவுட்டர் மேல்மாடியிலும் அலுவலகம் பேஸ்மென்டிலும் என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் தளம் ஊடுருவிக் கீழே வரச் சிரமப்படும். அங்கே வயர்தான் மருந்து.

பிழை வீட்டுக்குள்ளா வெளியிலா என்று தெரியாமல் இணைய நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தால், கூடிய விலைத் திட்டத்தைத்தான் தலையில் கட்டுவார்கள். கட்டளைச் சாளரங்கள் இரண்டைத் திறந்து, இரண்டிலும் 'பிங்' கட்டளையை ஓடவிடுங்கள். ஒன்றில் உங்கள் ரவுட்டரின் முகவரி. பல வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1. மற்றதில் 8.8.8.8. முகவரிக்குப் பின் ஒரு இடம் விட்டு, சிறுகோடும் ஆங்கில 'ரி' எழுத்தும் சேர்த்தால், கொன்ரோலும் 'சி'யும் அழுத்தும்வரை அது ஓடும். ரவுட்டர் வரியே 2இலிருந்து 200க்குத் தாவினால் கோளாறு உங்கள் வைஃபையில். ரவுட்டர் வரி அசையாமல் நிற்க வெளிவரி மட்டும் தாவினால், யாரும் பெரிய கோப்பு ஏற்றுகிறார்களா என்று முதலில் பாருங்கள். தொலைபேசியிலிருந்து கல்யாண வீடியோ ஒன்றை மேகத்துக்கு ஏற்றினாலே பல வீடுகளின் ஏற்றுப்பாதை நிரம்பிவிடும். பாதை நிரம்பினால் சிறிய கேள்விகளும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஒன்ட்ரைவ் ஏற்றும் வேகத்துக்கு அதன் அமைப்புகளிலேயே வரம்பு வைக்கலாம். விண்டோஸ் அப்டேட் பகுதியில், மற்றக் கணினிகளோடு அப்டேட்டைப் பகிரும் தெரிவையும் நிறுத்தலாம். ஒருவரும் ஒன்றும் ஏற்றவில்லை, வெளிவரி மட்டும் தாவுகிறது என்றால், அந்த எண்களைப் படம் எடுத்துக்கொண்டு நிறுவனத்துடன் கதையுங்கள்.

தூரத்துக் கணினியில் 'ரிமோட் டெஸ்க்டொப்' மூலம் வேலை செய்பவர்கள் அந்தச் சாளரத்துக்கு வெளியே நோட்பாட்டைத் திறந்து தட்டிப் பார்த்தாலே போதும். வெளியே சீராக ஓடினால் கணினியில் ஒன்றுமில்லை.

ஒரு எச்சரிக்கை. கணினி மெதுவாக ஓடும் வேளையில்தான் திரையில் "இந்த இலக்கத்துக்கு அழையுங்கள்" என்ற பெட்டி வரும். அல்லது மைக்ரோசொவ்டிலிருந்து என்று ஒருவர் அழைப்பார். மைக்ரோசொவ்டின் உண்மையான பிழைச் செய்திகளில் தொலைபேசி இலக்கம் இருக்காது. கேட்காமல் அவர்கள் அழைப்பதும் இல்லை. வயதானவர்கள் ஏமாறும் இடம் இது. கணக்காளரின் கணினி என்றால் இன்னும் மோசம்: உள்ளே அனுமதித்தவருக்கு நூற்றுக்கணக்கானோரின் ஒன்பது இலக்கச் சமூகக் காப்புறுதி எண்ணும் வங்கி விபரமும் திறந்த வீடு. அனுமதித்துவிட்டால் உடனே வயரைக் கழற்றி, வேறு ஒரு கணினியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றி, வங்கிக்கும் வாடிக்கையாளர்களுக்கும் அறிவியுங்கள்.

எல்லாம் செய்தும் சரிவராவிட்டால் விண்டோஸ் அமைப்புகளில் 'நெட்வேர்க் ரீசெட்' இருக்கிறது. அது வலையமைப்பு அட்டைகளை அகற்றித் திரும்ப நிறுவும். வைஃபை கடவுச்சொற்களைத் திரும்ப இட வேண்டிவரும், வீ.பி.என். இருந்தால் அதையும் திரும்ப அமைக்க வேண்டிவரலாம். எனவே முன்கூட்டியே எழுதி வையுங்கள். முடிந்த பிறகு பொதுக் கோப்புறை காணாமல் போனால் பதற வேண்டாம்: விண்டோஸ் உங்கள் அலுவலக வலையமைப்பைப் 'பப்ளிக்' என்று குறித்திருக்கும், 'பிரைவேட்' ஆக மாற்றுங்கள். ஏப்ரல் 29 இரவு தொடும் வேலை இது அல்ல. மே மாதத்துக்கு விடுங்கள்.